சோற்று வாளியும் பசுவின் வயிறும்

மதிய உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவப் போனபின், பல பள்ளிகளில் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு வாளி நிரம்பியிருக்கும். தட்டில் மிஞ்சிய சோறு, சாம்பார், காய்கறித் துண்டுகள் எல்லாம் அதில் சேரும். மாலையில் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போவார். சோறு வீணாகவில்லை, ஒரு வாயில்லா ஜீவனுக்குப் போய்ச் சேருகிறது என்று நமக்கும் ஒரு நிம்மதி. ஆனால் நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் அந்தச் சோறே, அளவு மீறினால் ஒரே நாளில் பசுவின் உயிரைப் பறித்துவிடும். வைக்கோலைத் தின்று பால் தருகிற விலங்குக்குச் சோறு எப்படி நஞ்சாகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடினால் கால்நடைத் தீவனத்தின் அடிப்படை முழுவதும் விளங்கிவிடும்.

நகரத்து மாட்டின் தீவனம்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டியிருக்கிறது தேங்காய்த்திட்டு. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திச் செடிகளும். மறுபக்கம் நெருக்கமான தெருக்கள். இப்படிப்பட்ட நகர்ப்பகுதியில் மாடு வளர்ப்பவருக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. பாகூர் போன்ற நெல் விளையும் ஊர்களில் வைக்கோல் கிடைக்கும். ஆனால் அதை விலை கொடுத்து வாங்கி, வண்டிக் கூலியும் கொடுத்துக் கொண்டுவர வேண்டும். பசும்புல்லுக்கும் அதே நிலைதான். பிண்ணாக்கு, தவிடு விலையைச் சொல்லவே வேண்டாம்.

செலவில்லாமல் கிடைப்பவை வீடுகளின் கழுநீர், ஓட்டலில் மிஞ்சுவது, கல்யாண மண்டபத்துச் சோறு, பள்ளியின் சோற்று வாளி ஆகியவை. அதுவும் போதாமல் அவிழ்த்துவிடப்படும் மாடு குப்பைத் தொட்டியைத் தேடிப் போகிறது. இதில் மாடு வைத்திருப்பவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஒரு பசுவை நம்பி வீட்டுச் செலவையும் பிள்ளையின் படிப்பையும் ஓட்டுகிற குடும்பம் அது. அந்தப் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம். அந்தப் பசு செத்துப்போனால் நட்டம் யாருக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

2024 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் ஐந்து பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மேல் தின்றதால் வயிற்றில் அமிலம் பெருகி இறந்தன என்று கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நம் ஊர்களில் மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளும் இதே தொல்லையோடு மாடுகளைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டி வருவார்கள். வீட்டுக்கு வீடு அன்போடு ஊட்டிய பொங்கலும் வாழைப்பழமும்தான் காரணம்.

நான்கு அறைகள், ஒரு புளிக்கும் பானை

பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. புல்லை நாக்கால் வளைத்து, கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள தடித்த ஈறுக்கும் நடுவே பிடித்து அறுத்து, சரியாக மெல்லாமலே விழுங்குகிறது. விழுங்கிய தீவனம் பெருவயிற்றுக்குப் போகிறது. இதைத்தான் பாடநூல்கள் ரூமன் என்கின்றன. நன்கு வளர்ந்த பசுவில் இது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும்; வயிற்றின் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

பெருவயிற்றை ஒட்டி முன்பக்கம் இருப்பது தேன்கூட்டு வயிறு. உள்சுவர் தேனடைபோல அறுகோண மடிப்புகளாக இருப்பதால் இந்தப் பெயர். பசு ஓய்வாகப் படுத்திருக்கும்போது, நன்றாக அரைபடாத தீவனம் கவளம் கவளமாக வாய்க்குத் திரும்பி வருகிறது. அதை மென்று மீண்டும் விழுங்குவதே அசைபோடுதல். நலமாக உள்ள பசு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை அசைபோடும். மூன்றாவது, புத்தகத்தின் ஏடுகள்போல மடிப்புகள் கொண்ட ஏட்டு வயிறு; நீரை உறிஞ்சிக்கொள்வது இதன் முக்கிய வேலை. நான்காவது அறைதான் நம் இரைப்பையைப் போன்றது. அமிலமும் செரிமான நொதிகளும் சுரப்பது அங்கேதான். அதனால் அதற்கு உண்மை வயிறு என்று பெயர்.

வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நார்ப்பொருளின் பெயர் செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை; பசுவின் உடலிலும் சுரப்பதில்லை. அதைச் செரிப்பவை பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். காற்றில்லாத, ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அந்த அறையில், ஒரு மில்லிலிட்டர் நீரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றோடு புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும் உண்டு. ஆக்சிஜன் பட்டால் மடியும் இந்த உயிர்களை ஆய்வகத்தில் வளர்க்க வழி கண்டவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட். பெருவயிற்றையும் அதன் நுண்ணுயிர்களையும் பற்றி 1966இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

மாணவர்களுக்கு இதை விளக்க இட்லி மாவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இரவில் கரைத்து வைத்த மாவு காலையில் புளித்துப் பொங்கியிருக்கிறது. நுண்ணுயிர்கள் மாவைத் தின்றன. அமிலமும் வாயுவும் வெளிவந்தன. பசுவின் பெருவயிறும் இடைவிடாமல் புளித்துக்கொண்டிருக்கும் பானைதான். அங்கே முதன்மையாக உருவாகும் அமிலங்கள் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டைரிக் ஆகிய மூன்றும். பெருவயிற்றின் சுவரே அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பசுவுக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கும் மேல் இந்த அமிலங்களிலிருந்து கிடைக்கிறது. அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பு உருவாக உதவுகிறது. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் செய்கிறது. அதிலிருந்து பாலின் சர்க்கரை வருகிறது. வெளிவரும் வாயுவில் மீத்தேனும் உண்டு. பசு அதைப் பெரும்பாலும் ஏப்பமாகவே வெளியேற்றுகிறது.

வேலை முடித்த நுண்ணுயிர்கள் தீவனத்தோடு நான்காவது வயிற்றுக்குப் போய், அங்கே தாங்களே செரிக்கப்படுகின்றன. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களின் உடலிலிருந்து வருவதுதான். ஆகவே தொட்டியில் தீவனம் வைக்கும்போது நாம் முதலில் உணவளிப்பது நுண்ணுயிர்களுக்கு. அவை பசுவுக்கு உணவளிக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

சோறு ஏன் ஆபத்து?

நார்ப்பொருள் மெதுவாகப் புளிக்கும். சோறு, பொங்கல், பரோட்டா, மாவு, நன்கு பழுத்த பழம் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் மிக வேகமாகப் புளிக்கும். பழக்கமில்லாத பசு ஒரே வேளையில் ஏராளமாகச் சோறு தின்றால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை முந்திக்கொண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகிவிடுகின்றன. பழைய சோற்றைப் புளிக்க வைப்பதும் இதே லாக்டிக் அமிலம்தான்.

பெருவயிற்றின் பி.எச். அளவு வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். லாக்டிக் அமிலம் சேரச் சேர அது 5க்கும் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நின்றுபோகிறது. அமிலச் செறிவு கூடியதால் உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. பசுவின் உடல் வறண்டுபோகிறது. வயிற்றுச் சுவர் புண்ணாகி, அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. கடுமையான நிலையில் ஓரிரு நாளில் பசு இறந்துவிடும்.

வைக்கோல் தின்னும்போது இந்த ஆபத்து வராததற்கு இன்னொரு காரணம் உமிழ்நீர். பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டுச் சமையல் சோடாவில் உள்ள அதே பொருள், நிறைய உண்டு. அது அமிலத்தைச் சமன்செய்கிறது. உமிழ்நீர் நன்றாகச் சுரக்க வேண்டுமானால் பசு மெல்ல வேண்டும், அசைபோட வேண்டும். அதற்கு நீளமான நார் வேண்டும். குழைந்த சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது? அமிலம் பெருகும் நேரத்திலேயே அதைச் சமன்செய்யும் மருந்தும் குறைந்துபோகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: தீவனம் எடுக்காமை, அசைபோடுவதை நிறுத்துதல், இடப்பக்க வயிறு உப்புதல், புளித்த நாற்றத்துடன் சாணம் இளகிப்போதல், பல்லை நறநறவெனக் கடித்தல், தள்ளாடுதல். இவற்றில் ஏதேனும் தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

வாளியில் விழும் மற்றொன்று

சோற்றோடு சேர்ந்து வாளியில் விழும் நெகிழிப் பையும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் வேறுவகை ஆபத்து. பசு நாக்கால் வளைத்து விழுங்கும் விலங்கு. வாயில் வந்ததைப் பிரித்துத் துப்பும் வழக்கம் அதற்குக் குறைவு. எந்த நுண்ணுயிரும் செரிக்க முடியாத நெகிழி, பெருவயிற்றை விட்டு நகராமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். 2019 அக்டோபரில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்து, ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவை எடுத்தார்கள். பெருவயிற்றில் அவ்வளவு இடத்தைக் குப்பை பிடித்துக்கொண்டால் தீவனத்துக்கு இடமேது?

ஆணி, கம்பித் துண்டு போன்ற கனமான பொருள்கள் தேன்கூட்டு வயிற்றின் மடிப்பில் தங்கிவிடும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் மட்டும்தான். கூரான கம்பி அதைத் துளைத்து இதய உறையைக் குத்தி, பசு இறப்பதும் உண்டு.

அப்படியானால் என்ன கொடுப்பது?

பசுவின் தீவனத்தை மூன்றாகப் பிரிக்கலாம். வைக்கோல், சோளத்தட்டை, நிலக்கடலைக் கொடி ஆகியவை உலர்தீவனம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச்சோளம், வேலிமசால், அகத்தி ஆகியவை பசுந்தீவனம். பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, பொட்டு, உடைத்த தானியம் ஆகியவை அடர்தீவனம். இவற்றோடு தாது உப்புக் கலவையும் வேண்டும்.

நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். வயிற்றை நிரப்பும்; தனியாகப் பால் தராது. வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனங்களும் பிண்ணாக்கும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஆனால் பயறுவகைப் பசுந்தீவனத்தை மட்டும் வெறும் வயிற்றில் நிறையக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். வைக்கோலோடு கலந்து கொடுப்பதே முறை.

கணக்காகவும் பார்க்கலாம். 400 கிலோ எடையும் நாளுக்கு 10 லிட்டர் பாலும் உள்ள ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். நீர் நீங்கலாக, அதன் உடல் எடையில் மூன்று சதவீதம், அதாவது 12 கிலோ உலர்பொருள் அதற்கு வேண்டும். அடர்தீவனத்தில், உடலைப் பேண ஒன்றரைக் கிலோ. ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற வழக்கமான கணக்கில் நான்கு கிலோ. மொத்தம் ஐந்தரைக் கிலோ. அதில் உலர்பொருள் ஏறத்தாழ 5 கிலோ. பசும்புல் 20 கிலோ கொடுத்தால், அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால் உலர்பொருள் 4 கிலோ. மிச்சம் 3 கிலோ உலர்பொருளுக்கு ஏறத்தாழ மூன்றேகால் கிலோ வைக்கோல். பாதிக்கு மேல் நார்த்தீவனமாகவே இருப்பதைக் கவனியுங்கள். நுண்ணுயிர்கள் கேட்பதும் இதைத்தான்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கோடையில் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாள் அளவில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மாறிய உணவுக்கு ஏற்ப நுண்ணுயிர்க் கூட்டம் மாற அவகாசம் தேவை.

கன்றும் கோழியும்

எல்லா வயிறும் ஒன்றல்ல. பிறந்த கன்றின் பெருவயிறு வளர்ந்திருக்காது. கன்று பால் உறிஞ்சும்போது உணவுக்குழலின் அடியில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காவது வயிற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதனால் முதல் சில வாரங்களுக்குப் பால்தான் அதன் உணவு. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் கட்டாயம் குடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் நாளோடு போய்விடும். பிறகு புல்லும் அடர்தீவனமும் கொறிக்கக் கொறிக்க, நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருவயிறு வளர்கிறது.

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியம் தீனிப்பையில் ஊறி, முன்இரைப்பையில் அமிலத்தோடு கலந்து, அரைவைப்பையில் சிறு கற்களின் உதவியோடு அரைபடுகிறது. மாவுச்சத்தைக் கோழி தன் சொந்த நொதிகளாலேயே செரித்துக்கொள்ளும். நாரைச் செரிப்பதில்தான் அது திணறும். மனிதர் உண்ணாத சிறு மீன்கள் கடற்கரை ஊர்களில் உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்குப் போவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். புரதத்துக்கு மீன்தூள், முட்டை ஓட்டின் சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல். சத்துணவில் பிள்ளைகள் உரிக்கும் முட்டை ஓட்டிலிருந்தே அந்தப் பாடத்தைத் தொடங்கலாம். மிஞ்சிய சோற்றில் கொஞ்சம் கோழிக்குப் போகலாம் என்பதற்கும் காரணம் இதுவே.

வகுப்பில் செய்து பார்க்க

1. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் சோறும் நீரும், மற்றொன்றில் நறுக்கிய வைக்கோலும் நீரும் இட்டு, மூடி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரண்டு நீரிலும் செம்பருத்திப் பூச்சாறு சில துளி விடுங்கள். சோற்று நீரில் நிறம் சிவப்புப் பக்கம் சாயும். பெருவயிற்றில் நடப்பதன் சிறு வடிவம் இது.

2. அசைபோடும் பசுவைத் தள்ளி நின்று கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு கவளத்துக்கு எத்தனை முறை மெல்லுகிறது? நலமான பசுவில் பெரும்பாலும் 40 முதல் 70 முறை இருக்கும். கவளம் தொண்டையில் ஏறி இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு பசுக்களின் எண்ணிக்கையைக் குறித்துச் சராசரி காணலாம்.

3. மேலே கண்ட தீவனக் கணக்கை, 6 லிட்டர், 8 லிட்டர் கறக்கும் பசுக்களுக்கு மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். அந்த ஊர் விலையை வீட்டில் கேட்டு வந்து, ஒரு லிட்டர் பாலுக்குத் தீவனச் செலவு எவ்வளவு என்று காணட்டும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை அன்று வகுப்பில் ஆசிரியராகிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வரும் கால்நடை வளர்ப்புப் பாடத்துக்கும், கீழ் வகுப்புகளில் வரும் விலங்குகளின் உணவு பற்றிய பாடங்களுக்கும் இவை பொருந்தும். புதுச்சேரி ஆசிரியர்களுக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்அனுமதி பெற்று மாணவர்களை அழைத்துப் போய், நான்கு வயிறுகளின் மாதிரிகளைக் காட்டும்படி கேட்கலாம்.

வாளிக்கு மூன்று வரி

சோற்று வாளியை உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. முதல் வேலை, சோறு மிஞ்சுவதைக் குறைப்பது. அடுத்தது, சோற்றையும் காய்கறித் தோல்களையும் தனித்தனி வாளிகளில் சேர்ப்பது. கீரைத் தண்டு, காய்கறித் தோல், வாழையிலை ஆகியவற்றை மாடு நன்றாகத் தின்னும். சோற்றில் ஒரு பகுதி கோழி வளர்ப்பவருக்கும், மிச்சம் பள்ளித் தோட்டத்தின் உரக்குழிக்கும் போகலாம். மாட்டுக்கு என்று கேட்டு வருபவரிடம், வைக்கோல் தின்று முடித்த பிறகு சிறிதளவு மட்டும் வையுங்கள், ஒரே மாட்டுக்கு வாளி முழுவதையும் ஊற்றாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லலாம்.

வாளியின் மேல் ஒட்ட ஒரு தாளை மாணவர்களே எழுதட்டும். நெகிழி போடாதே, சோற்றைத் தனியே போடு, தோலையும் தண்டையும் இங்கே போடு. மூன்று வரி போதும். எழுதிய பிள்ளை வீட்டுக் கழுநீர்த் தொட்டியிலும் அதையே பார்க்கும், அம்மாவிடம் சொல்லும்.